அசலும் வட்டியும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அசல்தன்மைத் தேர்வுக்கு நிறுத்தும்போது நடுவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இந்தக் கார் எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே இருக்கிறதா? வேகமும் பளபளப்பும் அங்கே இரண்டாம் பட்சம். கேள்வி எளியதாகத் தோன்றும். ஆனால் காரைத் தேர்வுக்குத் தயார் செய்ய உட்காருகிறவர் முதல் போல்ட்டைக் கழற்றும்போதே, ஒரு பொருள் எதனால் அந்தப் பொருளாக இருக்கிறது என்ற மிகப் பழைய தத்துவச் சிக்கலுக்குள் கால் வைத்துவிடுகிறார். தத்துவ ஆசிரியர் விடையைத் தள்ளிப்போடலாம். ஸ்பானரைக் கையில் பிடித்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

இந்தத் தேர்வை மிக நுணுக்கமாக வகுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் கார்வெட் ஆர்வலர்கள். ஷெவர்லே நிறுவனத்தின் இந்த ஸ்போர்ட்ஸ் கார் 1953இல் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் 300 வண்டிகளோடு தொடங்கியது. பிறகு 1981 வரை செயின்ட் லூயிஸ் ஆலையில் உருவானது. 1974இல் அமைந்த தேசிய கார்வெட் மீட்டமைப்போர் சங்கம், எந்த ஆண்டு வண்டியில் எந்த ஹோஸ் கிளாம்ப் எந்த இடத்தில் இருந்தது என்பதுவரை எழுதிவைத்த கையேடுகளை நடுவர்களுக்குத் தருகிறது. மொத்தம் ஏறத்தாழ 4,500 புள்ளிகள். கார் முழுப் புள்ளிகளோடு களத்துக்கு வருகிறது. தவறு தென்படத் தென்படப் புள்ளி கழிகிறது. ஹாரன், வைப்பர், டாஷ்போர்டு கடிகாரம் போன்றவை வேலை செய்கின்றனவா என்பது ஒரு பிரிவு. உட்புறம், வெளிப்புறம், எஞ்சின் அறை, அடிச்சட்டம் ஆகியவை மற்ற நான்கு. 94 சதவீதம் மிஞ்சினால் ‘டாப் ஃபிளைட்’ விருது.

ஒவ்வொரு பாகத்தின் முன்னாலும் நடுவர் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார். வடிவம் சரியா, அதில் உள்ள தேதி சரியா, குறைவின்றி இருக்கிறதா, ஆலையில் பொருத்திய முறையில் பொருத்தப்பட்டிருக்கிறதா, மேற்பூச்சு அக்காலத்ததா என்பவை அவை. உலகத்தைப் பொருள், குணம், செயல் என்று கூறுபோட்டுப் பார்த்த வைசேடிகர்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாக இருந்திராது. ஆனால் பட்டியலில் ஒரு கேள்வி இல்லை. இந்தப் பாகம் தொடக்கத்திலிருந்தே இந்தக் காரில்தான் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அதன் விளைவை ஓர் ஆல்டர்னேட்டரை வைத்துப் பார்க்கலாம். 1967ஆம் ஆண்டு கார்வெட் ஒன்றில் இருந்த ஆல்டர்னேட்டர் மறு ஆண்டே பழுதாகி, விற்பனையாளரே உத்தரவாதத்தின் பேரில் புதியதை மாட்டிக் கொடுத்தார் என்று கொள்வோம். அந்த இரண்டாவது ஆல்டர்னேட்டர் அரை நூற்றாண்டாக அந்தக் காரோடு ஓடியிருக்கிறது. ஆனாலும் அதில் பொறித்த தேதி கார் கட்டிய நாளுக்குப் பிந்தியது, புள்ளி போய்விடும். தேர்வுக்குத் தயார் செய்கிறவர் பழைய பாகங்களின் சந்தைகளில் தேடி அலைந்து, கார் கட்டப்படுவதற்குச் சில வாரங்கள் முன் தேதியிட்ட வேறோர் ஆல்டர்னேட்டரைப் பிடிக்கிறார். அது எங்கோ உடைத்துப் போடப்பட்ட இன்னொரு ஷெவர்லேயிலிருந்து வந்தது. இந்தக் காரை அது ஒருநாளும் கண்டதில்லை. முழுப் புள்ளி அதற்குத்தான்.

இதை அபத்தம் என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயம் ஆகாது. நடுவர்கள் அளப்பது பொருளின் தொடர்ச்சியை விட்டு வேறொன்றை: ஒரு குறிப்பிட்ட நாளின் தோற்றத்தை. கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர், ஆலை உற்பத்தியில் வழக்கமாகக் காணப்படுவது என்ற பொருள் உடையது. இந்தத் தனிக் கார் அன்று எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவர் எவரும் இப்போது சாட்சி சொல்ல வரப்போவதில்லை. ஆகவே அந்த ஆண்டில், அந்த ஆலையில், இந்த வகைக் கார் எப்படி இருந்திருக்கும் என்ற பொதுவடிவம் அளவுகோலாகிறது. அரிஸ்டாட்டிலின் சொல்லில், பொருட்காரணம் பின்னுக்குப் போய் வடிவக்காரணம் முன்னுக்கு வருகிறது. அந்தப் பொதுவடிவமும் ஒன்றாக இல்லை. 1964 முதல் 1967 வரை கார்வெட்டின் கண்ணாடியிழை உடல்களில் ஒரு பகுதி செயின்ட் லூயிஸிலும், இன்னொரு பகுதி மிச்சிகனின் ஐயோனியா நகரில் ஏ.ஓ.ஸ்மித் நிறுவனத்திலும் உருவாயின. இரண்டு இடத்து வேலைப்பாட்டிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. ஓர் இடத்தில் சரியானது இன்னோர் இடத்தில் தவறு.

ஒரு நாளைப் புனிதமாக்கிக்கொண்டால் அந்த நாளின் குறைகளும் புனிதமாகிவிடும். செயின்ட் லூயிஸ் ஆலையில் பெயிண்ட் அடித்தவர் அவசரத்தில் இருந்தார். அக்ரிலிக் லாக்கர் சில இடங்களில் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரத்தது. கதவின் ஓரங்களில் வெறும் தூசாகப் படிந்தது. உடலின் அடிப்பக்கத்தில் கறுப்புப் பூச்சு கண்டபடி சிதறியது. கண்ணாடியிழைப் பலகைகளை ஒட்டிய இணைப்புக்கோடு நாளடைவில் பெயிண்ட்டுக்கு மேலே தெரிந்தது. பட்டி பார்த்து, தேய்த்து, இன்றைய இரட்டைப் பூச்சுப் பெயிண்ட்டில் கண்ணாடிபோல மினுக்கிக் கொண்டுவந்தால் பார்வையாளர் கைதட்டுவார். நடுவர் புள்ளியைக் கழிப்பார். ஆகவே தேர்ந்த மீட்டமைப்பாளர் கவனக்குறைவைக் கவனமாகப் பயில்கிறார். அன்றைய தொழிலாளி கை வீச்சில் விட்ட சிதறலை இவர் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைநாள் செலவழித்து வரவழைக்கிறார். ஆலைப் பரிசோதகர் போகிற போக்கில் கிறுக்கிய கிரேயான் குறிகளையும் அதே கோணத்தில் கிறுக்குகிறார். தோற்றம் ஒன்றேதான். செயல் ஒன்றல்ல: முன்னவர் காரைக் கட்டிக்கொண்டிருந்தார், பின்னவர் ஒரு நாளை நடித்துக் காட்டுகிறார்.

பாகங்களுக்கும் முழுமைக்கும் உள்ள உறவைப் பற்றி இந்திய மரபு வாகனத்தை வைத்தே வாதிட்டிருக்கிறது. மிலிந்தர் என்ற கிரேக்க அரசருக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்ததாகப் பாலி நூலில் வரும் உரையாடலில், அரசர் ஏறிவந்த தேரே எடுத்துக்காட்டு. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா, எல்லாவற்றையும் குவித்துவைத்தால் அது தேரா என்று நாகசேனர் கேட்டுக்கொண்டே போகிறார். எதற்கும் ஆம் என்று அரசரால் சொல்ல முடியவில்லை. பாகங்கள் கூடிய இடத்தில் வழங்கும் பெயர்தான் தேர். அதற்கு மேல் ஒரு தேர் இல்லை என்பது பௌத்தர் முடிவு. நியாய, வைசேடிகத்தார் இதை ஏற்கவில்லை. பாகங்கள் அவயவங்கள், அவை சேர்ந்து பிறக்கும் முழுமை அவயவி. அவயவி பாகங்களின் வேறான மெய்ப்பொருள் என்றனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. துணியிலிருந்து ஒரு துண்டு கிழிந்தால் பழைய துணி அழிந்து புதுத் துணி ஒன்று தோன்றுகிறது என்று அவர்களே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் ஃபேன் பெல்ட்டை மாற்றினாலே பழைய கார் அழிந்து புதியது பிறந்தாக வேண்டும்.

மேற்கில் இதே சிக்கல் தீசியஸின் கப்பலாக வழங்குகிறது. பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்ததைப் புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முறுக்கைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து இரண்டாவது கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? பழைய கார் உலகத்தில் இது கற்பனை அல்ல. எரிந்துபோன பந்தயக் காரின் அடிச்சட்டம் ஒருவரிடமும், எஞ்சின் இன்னொருவரிடமும் சேர்ந்து, இருவரும் தத்தம் பாகத்தைச் சுற்றி முழுக் கார் கட்டி, ஒரே கார் எண்ணுக்கு உரிமை கோருவது உண்டு.

பழைய கார் ஒன்றின் அடையாளம் பற்றிய வேறொரு வழக்கில் தத்துவம் நீதிமன்றப் படியேறியது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் 1929இலும் 1930இலும் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. பிறகும் அது பந்தயத்தில் ஓடியது; ஒவ்வொரு பருவத்துக்கும் பாகங்கள் மாறின; 1932இல் 8 லிட்டர் எஞ்சின் ஏறியது. அந்த ஆண்டே புரூக்லாண்ட்ஸ் தடத்தில் நேர்ந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்தார். கார் மறுபடி கட்டப்பட்டு, வேறு உடல் பெற்று, சாலையில் ஓடியது. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனபோது, இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் இல்லை என்று வாங்குவோர் பின்வாங்கினர். 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். 1929இல் வென்ற காரிலிருந்து ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டு காரிலிருந்து பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு போன்ற சிலவே உள்ளன. மற்றவை பெரும்பாலும் 1932ஆம் ஆண்டின் நிலையைச் சேர்ந்தவை என்று அவர் கண்டார். ஆகவே இதை ‘அசல்’ என்று சொல்ல முடியாது என்றார். அதே மூச்சில், இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான் என்றும் சொன்னார். ஒரு நாளும் இது இரண்டாகப் பிரிந்ததில்லை. இதற்குப் பதிலாக இன்னொன்று வந்ததும் இல்லை. மாறி மாறி, மாறாத ஒரே வரலாற்றோடு வந்திருக்கிறது. ஒப்பந்தம் செல்லும்.

நாகசேனர் இந்தத் தீர்ப்பை மறுத்திருக்க மாட்டார். இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்று அவரும் அரசரைக் கேட்டார். ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, தொடர்ச்சி. லண்டன் நீதிபதி அசல் என்ற சொல்லையும் உண்மை என்ற சொல்லையும் பிரித்துவைத்ததே அந்த வழக்கின் பெரும் பயன். கார்வெட் கையேடு அசலைக் கேட்கிறது, உண்மையைக் கேட்கவில்லை. ஓல்டு நம்பர் ஒன் உண்மையானது, அசல் அல்ல.

தமிழில் புழங்கும் சொற்களும் இங்கே கவனிக்கத் தக்கவை. அசல் என்பது அரபு மொழியில் வேர். மூலம் என்பது வடமொழியில் வேர். வேர் ஒரு நாளில் நடந்து முடிந்த நிகழ்ச்சி அன்று. மரம் இருக்கும்வரை அதுவும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் அசலுக்கு எதிர்ச்சொல் போலி அல்ல, வட்டி. இந்தப் பொருளை எடுத்துக்கொண்டால், ஆலையை விட்டு வந்த கார் அசல். அதன்மேல் காலம் ஏற்றியதெல்லாம் வட்டி. தேய்ந்த ஸ்டியரிங் வளையம், வெயிலில் வெளிறிய இருக்கை, எப்போதோ ஒரு கல் தெறித்து விட்டுப்போன வடு ஆகியவை வட்டிக் கணக்கில் சேரும். முழு மீட்டமைப்பு என்பது வட்டியைத் தள்ளுபடி செய்துவிட்டு அசலை மட்டும் திரும்பக் கேட்பது.

வட்டியைத் தள்ளுபடி செய்யலாமா என்பதில் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவே இரண்டுபட்டது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே லெ டியூக், ஒரு கட்டடத்தை மீட்டமைப்பது அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு நிறைவான நிலைக்குக்கூட அதைக் கொண்டுசெல்வதாக இருக்கலாம் என்றார். இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய கட்டடக்கலை நூலில், மீட்டமைப்பு என்று சொல்வதே பொய், கட்டடத்துக்கு நேரக்கூடிய முழு அழிவு அதுதான் என்று சாடினார். பழைய கார் உலகம் நெடுங்காலம் வியோலே லெ டியூக்கின் பக்கம் இருந்தது. இப்போது ரஸ்கின் பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கிறது. கார்வெட் சங்கத்திலேயே, பிரித்து மேயப்படாத கார்களுக்குத் தனி விருது வந்துவிட்டது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பின் டூரின் சாசனம், நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது. மீட்டமைப்பை எத்தனை முறையும் செய்யலாம். அசலாக இருப்பது ஒரு முறைதான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர், தேர்வுக்குத் தயார் செய்யும்போது சுரண்டும் தகட்டை எடுக்குமுன் சோப்பு நீரையும் துணியையும் எடுப்பார்.

இருந்தாலும் வட்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்வது என்ற கொள்கையும் எல்லா இடத்திலும் தாக்குப்பிடிக்காது. 1963ஆம் ஆண்டு கார்வெட் கூப்பேயின் பின்கண்ணாடியை நடுவில் ஒரு தண்டு இரண்டாகப் பிளந்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் அதைப் பிடிவாதமாக வைத்தார். பின்னால் வருவது தெரியவில்லை என்று பொறியாளர் ஜோரா ஆர்கஸ் டன்டோவ் எதிர்த்தார். 1964இல் தண்டு போய்விட்டது. அந்த 1963 கூப்பேக்கள் மொத்தம் 10,594. புது மாடல்போலத் தோன்ற வேண்டும் என்று சில உரிமையாளர்கள் தண்டை அறுத்தெறிந்து ஒற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். இன்று அதே தண்டுக்காகத்தான் அந்த ஆண்டுக் கார் தேடப்படுகிறது. அறுபட்ட காரில் புதுக் கண்ணாடியிழையால் தண்டை மறுபடி ஒட்டுகிறவர் வரலாற்றை அழிக்கிறாரா, திருப்பித் தருகிறாரா? அறுத்தவரும் அந்தக் காரின் வாழ்க்கையில் ஒரு நியாயமான உரிமையாளர். அவர் செய்ததும் நடந்த ஒன்று. ஆனால் அவர் சேர்த்தது வட்டி அல்ல, அசலிலேயே கைவைத்துவிட்டார். தண்டை மறுபடி வைப்பது தவறாகத் தோன்றவில்லை. வைத்ததைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

சொல்வது, சொல்லாமல் விடுவது என்ற இந்த வேறுபாடு முழுக் கூர்மையோடு வெளிப்படும் இடம் எஞ்சின் பிளாக்கில் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு தட்டைப் பரப்பு. கார்வெட்டின் வி8 எஞ்சினில், வலப்பக்க சிலிண்டர் தலைக்கு முன்னால் அது இருக்கிறது. எஞ்சினைக் கூட்டிய ஆலை, நாள், வகை ஆகியவற்றின் குறியீடு அதில் பொறிக்கப்படும். 1960 முதல் காரின் தொடர் எண்ணும் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டது. பிளாக்கை வார்த்த நாள் தனியே வார்ப்பிலேயே புடைத்து நிற்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு தேதி, பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். வார்த்த நாள், எஞ்சின் கூட்டிய நாள், கார் கட்டிய நாள் மூன்றும் இந்த வரிசையில், நம்பத் தகுந்த இடைவெளியில் வர வேண்டும்.

அறிவு எந்த வழிகளில் வரும் என்று கேட்ட சைவ சித்தாந்த நூல்கள் காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளை வைத்தன. டார்ச்சோடு குனியும் நடுவருக்கும் இவை மூன்றுதான் கருவி. பரப்பில் தெரியும் இணையான கோடுகள் காட்சி. அவை ஆலையின் இழைப்பு எந்திரம் விட்ட கோடுகள், ஆகவே பரப்பு பின்னால் தேய்க்கப்படவில்லை என்பது கருதல். எண்கள் உரை: 1967இல் ஆலை தன் வாயால் சொன்ன சொல். உரை அளவையாக வேண்டுமானால் சொன்னவர் நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும் என்பது நியாயத்தார் விதித்த நிபந்தனை.

பிளாக்கின் மேற்பரப்பும் இந்தச் சிறு பரப்பும் ஒரே தளத்தில் இருக்கின்றன. 1975இல் ஏதோ ஓர் ஊர்ப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்து, நெளிந்த மேற்பரப்பைச் சமன் செய்த மெக்கானிக், எண்களையும் சேர்த்து வழித்துவிட்டிருப்பார். அன்றைக்கு அந்த எண்ணைத் தேடியவர் யாரும் இல்லை. எஞ்சின் அதே காரில் பிறந்த எஞ்சின்தான். ஆனால் அதைச் சொல்லும் வாய் போய்விட்டது. எதிர்ப்பக்கத்தில் வேறொரு காரின் பிளாக்கை வாங்கி, பரப்பைத் தேய்த்து, பழைய எழுத்துருவில் அச்சுகள் செய்து, இழைப்புக் கோடுகளையும் போலியாகப் போட்டு, எண் குத்துகிறவர் இருக்கிறார். முதல் எஞ்சின் உண்மை, ஆனால் நிரூபணம் இல்லை. இரண்டாவதற்கு நிரூபணம் உண்டு, உண்மை இல்லை. தேர்வு தோற்றத்தை மட்டுமே அளப்பதால் இரண்டாவது முழுப் புள்ளி பெற்றுப் போக வாய்ப்புண்டு. பொறிப்பு ஆலை வழக்கத்தை ஒத்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறோம், இது பிறவி எஞ்சின் என்று சான்று தருவதில்லை என்பது சங்கத்தின் நிலைப்பாடு. அளவுக்கு மீறி எதையும் உறுதி சொல்லாத நேர்மை அது. சந்தை அந்த நுணுக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

இங்கேதான் ஆல்டர்னேட்டரும் எண்ணும் பிரிகின்றன. வேறு காரிலிருந்து வந்த ஆல்டர்னேட்டரில் உள்ள தேதி உண்மையான தேதி. அது எந்த நாளில் செய்யப்பட்டதோ அதைத்தான் சொல்கிறது. மேற்பூச்சில் வரவழைத்த சிதறலும் நடிப்புத்தான், ஆனால் நடிப்பு என்று அரங்கில் இருப்பவர் அனைவருக்கும் தெரியும். குத்திய எண் அப்படி இல்லை. பேசாத ஒருவரைப் பேசியதாகச் செய்கிறது. பொய் என்பது தவறான செய்தியில் இல்லை, ஏமாற்றும் எண்ணத்தில் இருக்கிறது என்றார் அகஸ்டின். அழிந்துபோன தன் எஞ்சினின் எண்ணையே, ஆவணங்களைப் பார்த்து, ஓர் இலக்கமும் பிசகாமல் மறுபடி குத்துகிற உரிமையாளரின் நிலை இதில் மிகவும் இக்கட்டானது. அவர் சொல்லும் செய்தி உண்மை. சொல்வது ஆலை என்று காட்டுவது பொய். நடுவரின் மூன்றாவது அளவையை அது கெடுத்துவிடுகிறது. அந்தக் காருக்கு மட்டும் இல்லை, அதன் பக்கத்தில் நிற்கும் கெடாத கார்களுக்கும் சேர்த்து.

வழிக்கப்பட்ட பரப்பு வெறுமையாகவே இருக்கட்டும். சிறிய வி8 பிளாக்கின் பின்புறத்தில், இழைப்பு எந்திரம் எட்டாத இடத்தில், வார்த்த நாள் இன்னும் புடைத்து நிற்கிறது. பட்டறைச் சீட்டு கிடைத்தால் அதன் நகலோடு அதையும் நடுவரிடம் காட்டலாம். அவர் படித்துவிட்டு, விதிப்படி புள்ளியைக் கழிப்பார். கழிப்பதுதான் சரி.